படிக்கட்டில் ஆடியவர்களின் பெயரைப் போடுங்கள்

பழைய ஹாலிவுட் இசைப்படங்களின் உரிமையை வைத்திருக்கும் ஸ்டூடியோக்களுக்கும், அவற்றை இன்று வீடுவீடாகக் கொண்டுவந்து காட்டும் ஓடிடி தளங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவள். ஒன்பது வருடமாக இதுதான் வேலை, இதுதான் சோறு. போன வருடம் 1940-களில் வந்த மியூசிக்கல் ஒன்று என் கைக்கு வந்தது. படத்தின் பெயரும் வேலை கொடுத்தவர்களின் பெயரும் இங்கே வேண்டாம். வசனக் கோப்பில் யார் பேசுகிறார்கள் என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கும். கதாநாயகன், கதாநாயகி, அவளுடைய சித்தி, ஓட்டல் முதலாளி என்று எல்லோருக்கும் அதில் பெயர் இருந்தது. படத்தின் நடுவில் வந்து நான்கு நிமிடம் அரங்கத்தையே அதிரவைத்துவிட்டுப் போகிற இரண்டு கறுப்பின நடனக்காரர்களுக்கு மட்டும் 'ஆள் 1', 'ஆள் 2' என்று போட்டிருந்தது. அவர்கள் பாடுகிற வரிகளுக்கு நேரே 'பாட்டு, மொழிபெயர்க்க வேண்டாம்' என்று ஒரு குறிப்பு. அவர்களுடைய பெயரை நானே தேடி எடுத்து, சேர்க்கலாமா என்று கேட்டேன். கோப்பில் உள்ளபடியே முடித்துக் கொடுங்கள் என்று பதில் வந்தது. முடித்துக் கொடுத்தேன். மனசு மட்டும் ஆறவில்லை.

இதை நான் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் தளங்களில் தமிழ் மெனு இருக்கிறது, தமிழ் பேசுகிறவர்களின் சந்தா உங்களுக்கு வருகிறது. இந்தப் படங்களை ரசித்துப் பார்க்கிற தமிழ் வாசகர்களும் என்னோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தப் படங்கள் மேல் கோபம் கிடையாது. ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் ஆடுவதைக் கல்லூரி நாட்களில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்றும் குறையவில்லை. ஜீன் கெல்லி மழையில் நனைகிற காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பிடித்ததால்தான் கேட்கிறேன்.

அந்தக் கால மியூசிக்கல்களில் கறுப்பினக் கலைஞர்களின் காட்சிகள் எப்படி அமைந்தன என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கதை ஒரு பக்கம் போகும். நடுவில் ஒரு நைட் கிளப், ஒரு ஒத்திகை, இல்லையென்றால் ஒரு விருந்து. கறுப்பினப் பாடகியோ நடனக்காரர்களோ வருவார்கள், ஆடுவார்கள், போய்விடுவார்கள். கதாநாயகனோடு ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கதையில் ஒரு முடிச்சுகூட அவர்களால் விழாது, அவிழாது. இனப் பிரிவினை நிலவிய அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் தியேட்டர்களுக்காக அந்தப் பகுதியை அப்படியே உருவி எடுத்துவிட்டால், ஏதோ போய்விட்டது என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. வெட்டுவதற்கு வசதியாகவே அப்படித் தைத்தார்கள். மணத்துக்குக் கறிவேப்பிலையைப் போட்டுவிட்டு, இலையில் ஓரமாக ஒதுக்குவது போலத்தான்.

கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் 1942-இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோவோடு ஒப்பந்தம் போட்டார். அழகு, குரல், நடிப்பு மூன்றும் உள்ளவர். வேலைக்காரி வேடம் போட மாட்டேன் என்று வந்தவர். சரி, வேலைக்காரி வேடம் தரவில்லை. வேறு என்ன தந்தார்கள்? படத்துக்குப் படம் நல்ல உடையில் ஒரு தூணருகே நிறுத்திப் பாடவைத்தார்கள். தூணில் குத்திவைத்த பட்டாம்பூச்சி ஆகிவிட்டேன் என்கிற பொருளில் அவரே பின்னாளில் எழுதினார். தெற்கிலுள்ள மெம்ஃபிஸ் நகரத்தில் லாயிட் பின்ஃபோர்டு என்பவர் 1928 முதல் 1955 வரை தணிக்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். லீனா வரும் காட்சிகள் அவர் கத்தரிக்குத் தப்பவில்லை. 1945-இல் 'புரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்' என்ற நகைச்சுவைப் படத்தையே அந்த ஊரில் தடை செய்தார். அதில் வேலைக்காரராக வரும் எடி ஆண்டர்சன் வெள்ளைக்காரர்களோடு சரிசமமாகப் பழகுகிறாராம், அதுதான் குற்றம்.

லீனாவுக்கு நடந்ததிலேயே எனக்கு மிகவும் வலிப்பது 'ஷோ போட்' விஷயம். 1946-இல் வெளிவந்த 'டில் த கிளவுட்ஸ் ரோல் பை' படத்தின் தொடக்கத்தில் 'ஷோ போட்' நாடகத்தைச் சுருக்கிக் காட்டுவார்கள். அதில் ஜூலி என்ற பெண்ணாக வந்து லீனா பாடுவார். ஜூலி கலப்பினப் பெண். அதை மறைத்து வெள்ளைக்காரக் கணவனோடு வாழ்கிறவள். ஐந்து வருடம் கழித்து அதே எம்.ஜி.எம். 'ஷோ போட்'டை முழுப் படமாக எடுத்தபோது, அந்த வேடம் ஏவா கார்ட்னருக்குப் போனது. கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான உறவைத் திரையில் காட்டக் கூடாது என்று ஹாலிவுட்டின் தணிக்கை விதி சொன்னது. அந்த விதி 1934 முதல் கறாராக நடைமுறையில் இருந்தது. 1956-இல்தான் எடுத்தார்கள். லீனாவின் நிறத்துக்கென்றே மாக்ஸ் ஃபேக்டர் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனம் 'லைட் ஈஜிப்ஷியன்' என்ற மேக்கப்பைத் தயாரித்ததாகவும், அதே மேக்கப்பைப் பூசித்தான் வெள்ளைக்கார நடிகைகளைக் கலப்பினப் பெண்களாகக் காட்டினார்கள் என்றும் லீனா சொல்லியிருக்கிறார். பாட்டு? திரையில் ஏவா வாயசைக்க, கேட்பது ஆனெட் வாரன் என்பவரின் குரல். வேடத்துக்கு ஏற்ற முகமும் குரலும் ஒரே ஆளிடம் இருந்தன. அந்த ஒருவரை விட்டுவிட்டு, முகத்தை ஓரிடத்திலும் குரலை ஓரிடத்திலும் நிறத்தை டப்பாவிலும் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தை இன்று உங்கள் தளத்தில் திறந்தால் லீனா ஹார்ன் என்ற பெயர் எங்கேயும் வராது. வரவும் நியாயமில்லை, அவர் அதில் இல்லையே என்பீர்கள். அவர் ஏன் இல்லை என்பதைப் படத்தோடு சேர்த்துச் சொல்வதற்கு ஒரு நிமிட அறிமுகம் போதும்.

இப்போது 1943-க்கு வருகிறேன். அந்த வருடம் இரண்டு பெரிய ஸ்டூடியோக்கள் கறுப்பினக் கலைஞர்களை மட்டுமே வைத்து ஆளுக்கொரு மியூசிக்கல் எடுத்தன. எம்.ஜி.எம். எடுத்தது 'கேபின் இன் த ஸ்கை', ஃபாக்ஸ் எடுத்தது 'ஸ்டார்மி வெதர்'. இரண்டிலும் லீனா இருக்கிறார். 'ஸ்டார்மி வெதர்' எண்பது நிமிடம்கூட ஓடாத படம். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அறுபதைத் தாண்டிய நடனக் கலைஞர் பில் ராபின்சனுக்கு இருபத்தைந்து வயது லீனாவை ஜோடியாக்கியதை இன்றைக்குப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. கறுப்பின நகைச்சுவை நடிகர்களே முகத்தில் கரி பூசிக்கொண்டு வரும் ஒரு துண்டும் உண்டு. ஆனால் யார் யார் இருக்கிறார்கள் பாருங்கள். ஃபேட்ஸ் வாலர் பியானோவில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வருடக் கடைசியிலேயே அவர் இறந்துபோனார். கேத்தரின் டன்ஹாம் தன் குழுவோடு ஆடுகிறார். கேப் காலோவே பாடுகிறார். அப்புறம் நிக்கோலஸ் சகோதரர்கள் வருகிறார்கள்.

ஃபேயார்ட் மூத்தவர், ஹெரால்ட் இளையவர். இரண்டு பேரும் வால் வைத்த கறுப்பு கோட்டு, வெள்ளை டை. இசைக்குழு உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்ன மேடைகளின் மேல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறார்கள். வாசிக்கிறவர்களின் தலைக்குப் பக்கத்தில் ஷூ வந்து இறங்குகிறது, ஒரு தட்டுகூடத் தாளம் தப்பவில்லை. பிறகு அந்தப் பெரிய வெள்ளைப் படிக்கட்டு. ஒருவர் ஒரு படி கீழே நிற்க, பின்னாலிருப்பவர் அவர் தலைக்கு மேலே தாண்டி, அடுத்த படியில் கால்களை முன்னும் பின்னும் விரித்து அப்படியே உட்காருகிறார். உட்கார்ந்தவர் எழுவதற்குள் மற்றவர் அவரைத் தாண்டி அடுத்த படியில். இப்படியே கடைசிப் படி வரைக்கும். நீங்கள் கையைப் பாருங்கள். தரையில் ஊன்றவே மாட்டார்கள். விரித்த கால்களைக் கால்களின் பலத்தாலேயே இழுத்துக்கொண்டு எழுகிறார்கள், அதுவும் சிரித்த முகத்தோடு. பிறகு மறுபடி மேலே ஓடி, பக்கவாட்டுச் சரிவில் அதே நிலையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். ஒத்திகையில்லாமல் ஒரே டேக்கில் எடுத்தது என்று சகோதரர்கள் சொல்லியிருக்கிறார்கள். திரையில் வந்த நடனங்களிலேயே இதுதான் உச்சம் என்று அஸ்டேர் அவர்களிடமே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

இவ்வளவு திறமை உள்ள இருவருக்கு ஹாலிவுட் எந்தப் பெரிய படத்திலும் கதாநாயகன் வேடம் கொடுக்கவில்லை. 1948-இல் 'த பைரேட்' படத்தில் ஜீன் கெல்லி அவர்களைத் தன்னோடு சேர்த்து ஆடவைத்தார். மூன்று பேரும் தோளோடு தோள் நின்று ஆடுவார்கள். தெற்கில் சில ஊர்களில் அந்தப் பாட்டை வெட்டிவிட்டுத்தான் படத்தை ஓட்டினார்கள்.

படிக்கட்டு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1935-இல் வந்த 'த லிட்டில் கர்னல்'. பில் ராபின்சன் படியேறிக்கொண்டே, ஷூவால் தாளம் தட்டும் டேப் நடனம் ஆட, குழந்தை ஷெர்லி டெம்பிள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதே அடிகளைப் போடுகிறாள். கதைப்படி அவர் அந்த வீட்டு வேலைக்காரர். தூங்கப் போக அடம்பிடிக்கும் குழந்தையை மாடிக்கு அழைத்துப் போகத்தான் அந்த நடனமே. அந்தக் கைகோத்தலைக்கூடத் தெற்கில் காட்ட விடவில்லை. ஐம்பத்தாறு வயதுக் கலைஞர், ஆறு வயதுக் குழந்தை. அந்த இரண்டு கைகளைப் பார்த்துப் பயந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

1941-இல் வந்த 'ஹெல்சபாப்பின்' ஒரு கிறுக்குத்தனமான நகைச்சுவைப் படம். அதில் இரண்டரை மூன்று நிமிடத்துக்கு, ஸ்விங் இசைக்கு ஜோடியாக ஆடும் லிண்டி ஹாப் நடனம் ஒன்று வருகிறது. சமையல்காரர், பணிப்பெண், மெக்கானிக் உடைகளில் நான்கு ஜோடிகள். பெண்கள் ஆண்களைத் தூக்கி வீசுகிறார்கள், ஆண்கள் பெண்களைத் தோளுக்கு மேலாகச் சுழற்றி இறக்குகிறார்கள். உலகம் முழுவதும் இன்று ஸ்விங் நடனம் கற்கிறவர்கள் இந்தத் துண்டைப் பாடப்புத்தகம் போல வைத்துப் படிக்கிறார்கள். படத்தில் அவர்களுக்கு 'காங்கரூ டான்சர்ஸ்' என்று மொத்தமாக ஒரு பெயர்தான். அந்த நடனத்தை அமைத்து, தானும் ஆடியவர் ஃபிராங்கி மேனிங். அவரோடு ஆடியவர்களில் ஒருவர் நார்மா மில்லர். மேனிங் பிற்பாடு தபால் துறையில் சுமார் முப்பது வருடம் வேலை பார்த்தார். 1980-களில் இளம் நடனக்காரர்கள் தேடிப்போய் அவரைக் கண்டுபிடித்தார்கள். 1989-இல் நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் நடன அமைப்புக்காக, நாடகத்துக்கான டோனி விருது வாங்கினார். தொண்ணூறைத் தாண்டியும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பெயரை உங்கள் தளங்களின் தேடல் கட்டத்தில் போட்டால் இந்தப் படம் வந்து நிற்க வேண்டாமா?

'ஈஸ்டர் பரேட்' எல்லோருக்கும் பிடித்த படம். 1948. ஜூடி கார்லண்ட், அஸ்டேர், ஆன் மில்லர். ஆன் மில்லரின் டேப் நடனத்தைப் பார்த்து மயங்காதவர் யார்? அவருக்குப் பணிப்பெண்ணாக ஒருவர் வந்து போவார். அவர்தான் ஜெனி லகான். 1935-இல் பில் ராபின்சனோடும் ஃபேட்ஸ் வாலரோடும் 'ஹூரே ஃபார் லவ்' படத்தில் ஆடியவர். அதே வருடம் எம்.ஜி.எம். அவரை நீண்டகால ஒப்பந்தத்தில் எடுத்தது, கறுப்பினப் பெண்களில் அப்படி எடுக்கப்பட்டவர்களில் முன்னோடி என்று அவரைச் சொல்வார்கள். எடுத்தவர்கள் ஆடவிடாமலே அனுப்பிவிட்டார்கள். பதின்மூன்று வருடம் கழித்து, டேப் நடனத்தில் கைதேர்ந்த ஒருவர், இன்னொரு டேப் நடனக்காரிக்குப் பணிப்பெண்ணாக அதே ஸ்டூடியோவில் வந்து நிற்கிறார். டைட்டிலில் பெயர் இல்லை. அந்தக் காட்சியில் நான் எப்போதும் அவர் கால்களைத்தான் பார்ப்பேன். அவை சும்மா நிற்கின்றன.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. டிரினிடாடில் பிறந்த பியானோக் கலைஞர் ஹேசல் ஸ்காட், தான் தானாகவேதான் திரையில் வருவேன், வேலைக்காரியாக வர மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவர். 1943-இல் 'த ஹீட்ஸ் ஆன்' படத்தில், போருக்குப் போகும் கணவர்களை வழியனுப்புகிற கறுப்பினப் பெண்களுக்கு அழுக்கு ஏப்ரன் மாட்டிவிட்டார்கள். புருஷனைப் போருக்கு வழியனுப்ப வருகிறவள் அழுக்குத் துணியோடா வருவாள் என்று ஸ்காட் வேலையை நிறுத்தினார். மூன்று நாள் படப்பிடிப்பு நின்றது. ஏப்ரன் போயிற்று. அந்த ஸ்டூடியோவில் அவருக்கு இருந்த வழியும் அதோடு அடைந்தது. தனக்காக அவர் சண்டை போடவில்லை, பின்வரிசையில் நின்ற பெண்களுக்காகப் போட்டார்.

சரி, கரி பூசிய முகங்களைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. எங்கள் மொழியில் ஒருவர் முகத்தில் கரி பூசுவது என்றால் அவரை அவமானப்படுத்துவது என்று பொருள். வெள்ளைக்கார நடிகர்கள் எரித்த தக்கைக் கரியைத் தங்கள் முகத்தில் பூசிக்கொண்டு, அவமானத்தை இன்னொரு இனத்தின் மேல் பூசினார்கள். 1927-இல் ஆல் ஜோல்சன் முதல் 1941-இல் ஜூடி கார்லண்ட், மிக்கி ரூனி வரைக்கும் இது சர்வ சாதாரணம். அஸ்டேர்கூட விதிவிலக்கில்லை. 1936-இல் 'ஸ்விங் டைம்' படத்தில் பில் ராபின்சனுக்கு மரியாதை செய்வதாக நினைத்து முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடினார். பின்னால் திரையில் மூன்று பெரிய நிழல்கள் அவரோடு ஆடும். நடனமாகப் பார்த்தால் அற்புதம். பார்க்க முடியாமல் கண்ணை எடுக்க வேண்டியும் இருக்கிறது. மரியாதைக்குரிய அந்த ராபின்சனோ அதே காலத்தில் இன்னொரு ஸ்டூடியோவில் வேலைக்காரர் வேடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்.

இந்தக் காட்சிகளை என்ன செய்வது? சிலர் வெட்டிவிடுகிறீர்கள். வெட்டாதீர்கள் என்பது என் கோரிக்கை. காரணத்தை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். 1942-இல் வந்த 'ஹாலிடே இன்' படத்தில் லிங்கன் பிறந்தநாள் பாட்டு ஒன்று உண்டு. பிங் கிராஸ்பியும் மார்ஜரி ரெனால்ட்ஸும் கரி பூசிக்கொண்டு வருவார்கள். டிவியில் காட்டும்போது அந்தப் பாட்டை முழுசாக எடுத்துவிடும் பழக்கம் பல காலமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டின் நடுவில் சமையலறையில் கறுப்பின நடிகை லூயிஸ் பீவர்ஸ், வீட்டு வேலைக்காரி வேடத்தில், தன் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு சில வரி பாடுகிறார். கரி பூசியவர்களை வெட்டும்போது, கரி பூசாமல், தன் சொந்த முகத்தோடு பாடியவரின் பாட்டும் சேர்ந்து போய்விடுகிறது. மெம்ஃபிஸில் அன்று பின்ஃபோர்டு செய்ததற்கும் இதற்கும் நோக்கம் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரையிலிருந்து காணாமல் போகிறவர் இரண்டு தடவையும் கறுப்பினக் கலைஞர்தான்.

படத்தை முழுசாகக் காட்டுங்கள். முன்னால் விஷயம் தெரிந்த ஒருவரைப் பேசவையுங்கள். 2020-இல் ஒரு பழைய பெரிய படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, பிறகு திரைப்பட ஆய்வாளர் ஜாக்குலின் ஸ்டூவர்ட்டின் அறிமுகத்தோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். அது நல்ல வழி. 'இப்படம் அக்காலக் கண்ணோட்டங்களைக் கொண்டது' என்று மூன்று விநாடி வந்து மறைகிற ஒரு வரி யாருக்கும் எதையும் சொல்லாது. என்ன கண்ணோட்டம், யாரைப் பற்றி, யார் பாதிக்கப்பட்டார்கள் என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும்.

கறுப்பினத்தவர் கதை மட்டும் இது என்று நினைத்துவிட வேண்டாம். ஆடிப்பாடும் தென்னமெரிக்கா என்று ஒரு கற்பனைக் கண்டத்தையே ஃபாக்ஸ் கட்டி எழுப்பியது. போர்க்காலத்தில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும், பக்கத்து நாடுகளோடு நட்பு பாராட்டும் அமெரிக்க அரசின் கொள்கையும் இதற்குக் காரணங்கள். 1940-இல் 'டவுன் அர்ஜென்டைன் வே' என்று அர்ஜென்டினாவில் நடக்கிற கதை எடுத்தார்கள். அதில் பாடுவது பிரேசிலின் கார்மன் மிராண்டா. அவர் காட்சிகளைத் தனியாக நியூயார்க்கில் எடுத்து ஒட்டினார்கள். கதையில் ஒருவரோடும் அவர் பேசுவதில்லை. அதே தையல், அதே முறை. அப்புறம் கதைக்குள் வந்தபோதும் தலையில் பழக்கூடையும் உடைந்த ஆங்கிலமுமாகவே வைத்துக்கொண்டார்கள். 1945-இல் அமெரிக்காவிலேயே அதிகம் சம்பாதித்த பெண் அவர்தான் என்பதும் உண்மை. அந்தப் பழக்கூடையைக் கழற்றிவைக்க விடவில்லை என்பதும் உண்மை.

ரீட்டா மொரேனோ போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். 1952-இல் 'சிங்கின் இன் த ரெயின்' படத்தில் ஒரு சின்ன வேடம், இனம் ஏதும் ஒட்டாத சாதாரண வேடம், அவருக்குக் கிடைத்தது. அப்புறம் 'த கிங் அண்ட் ஐ' படத்தில் பர்மியப் பெண்ணாக்கினார்கள். 1961-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில்தான் தன் ஊர்ப் பெண்ணாக நடித்தார், ஆஸ்கரும் வாங்கினார். அங்கேயும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களாக நடித்த எல்லோருக்கும் ஒரே அடர்த்தியான பழுப்பு மேக்கப். எங்கள் ஊரில் எத்தனையோ நிறத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேட்டும் பயனில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே படத்தின் மரியாவாக நடித்தவர் நட்டாலி வுட்.

அதே 1961-இல் வந்த 'ஃபிளவர் டிரம் சாங்' படத்தை நீங்கள் யாரும் முன்னால் எடுத்து வைப்பதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. சான் பிரான்சிஸ்கோ சைனா டவுனில், அன்றைய காலத்திலேயே நடக்கும் குடும்ப நகைச்சுவை. நான்சி குவான், ஜேம்ஸ் ஷிகெட்டா, மியோஷி உமெக்கி, ஜாக் சூ. அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் சண்டை, கல்யாணப் பேச்சு, நைட் கிளப் கலாட்டா, காதல் குழப்பம். எல்லாமே ஆசிய முகங்கள். கதையின் நடுவில் வந்து ஆடிவிட்டுப் போகிறவர்களாக இல்லாமல், கதையே அவர்களுடையதாக இருந்த படம். குறை இல்லாமல் இல்லை. மேடம் லியாங் வேடத்தில் கறுப்பினக் கலைஞர் ஹுவானிட்டா ஹால் நடித்தார். சீனர்களாக நடித்தவர்களில் பலர் ஜப்பானிய வம்சாவளி. ஜாக் சூவின் உண்மைப் பெயர் கோரோ சுசூகி. போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாமில் இருந்தவர், பிறகு சீனப் பெயரோடு மேடை ஏறினார். அந்த மனிதர் திரையில் அவ்வளவு லேசாக, அவ்வளவு நிதானமாகச் சிரிக்கவைக்கிறார். இதற்குப் பிறகு ஆசிய அமெரிக்கர்களைப் பெரும்பான்மையாகக் கொண்டு நிகழ்காலக் கதை சொல்லும் ஒரு பெரிய ஸ்டூடியோ படம் வர 1993 ஆயிற்று. முப்பத்திரண்டு வருடம்.

குரல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே நாங்கள் உங்களுக்கு ஒன்றைக் காட்ட முடியும். எங்கள் ஊரில் பின்னணிப் பாட்டு ரகசியமில்லை. வானொலியில் ஒரு பாட்டு வந்தால் படத்தின் பெயர், பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். நடிகருக்கு அதனால் எந்தக் குறைவும் வந்ததில்லை. ஹாலிவுட்டிலோ மார்னி நிக்சன் 'த கிங் அண்ட் ஐ', 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'மை ஃபேர் லேடி' என்று மூன்று பெரிய படங்களுக்குக் கதாநாயகியின் குரலாக இருந்தும் மூன்றின் டைட்டிலிலும் பெயர் வரவில்லை. 'சவுத் பசிபிக்' படத்தில் ஹுவானிட்டா ஹாலுக்குப் பாடியவர் மியூரியல் ஸ்மித். 1943-இல் 'கார்மன் ஜோன்ஸ்' பிராட்வேயில் அரங்கேறியபோது கார்மனாக நடித்த கறுப்பினப் பாடகி. திரையில் அவர் முகமும் இல்லை, பெயரும் இல்லை. 'கார்மன் ஜோன்ஸ்' படமானபோது, சின்ன வயதிலிருந்தே மேடையில் பாடிய டோரதி டான்ட்ரிட்ஜுக்கு மரிலின் ஹார்ன் என்ற வெள்ளைக்காரப் பெண் பாடினார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பட்டியலில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண், அந்தப் படத்தில் தன் சொந்தக் குரலில் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை.

டைட்டிலை இப்போது போய் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் படத்தைத் திறப்பதற்கு முன் வருகிற அந்தப் பக்கம் உங்களுடையது. நடிகர்கள் என்று ஒரு வரி போடுகிறீர்களே, அந்த வரி உங்களுடையது. அதில் ஜெனி லகானைச் சேர்க்க யார் அனுமதியும் வேண்டாம். ஃபேயார்ட் நிக்கோலஸ், ஹெரால்ட் நிக்கோலஸ் என்று தனித்தனியாகப் போட யாரும் தடுக்கப்போவதில்லை. யார் பெயரைத் தேடினாலும் அவர் வருகிற காட்சிக்கே நேரே கொண்டுபோய் நிறுத்துகிற தொழில்நுட்பம் இன்று இருக்கிறது. வேலைக்காரியாக ஒரு நிமிடம் வந்தவருக்கும் அதைச் செய்யுங்கள். பெட்டியில் கிடக்கிற வெட்டுத் துண்டுகளையும் வெளியே எடுங்கள். 'கேபின் இன் த ஸ்கை'யிலிருந்து நீக்கிய லீனாவின் குளியல் தொட்டிப் பாட்டு 1994-இல் ஒரு தொகுப்புப் படத்தில் வெளிவந்தபோது, அதை அறிமுகப்படுத்த லீனாவே வந்து நின்றார். அப்படி நேரில் வந்து நிற்க இப்போது அந்தத் தலைமுறையில் கிட்டத்தட்ட யாரும் இல்லை. அதனால் வேலை உங்கள் தலையில் விழுகிறது. அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம் என்பதால் பிப்ரவரி மாதம் மட்டும் முகப்பில் வைத்துவிட்டு மார்ச்சில் எடுத்துவிடுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், 'ஸ்டார்மி வெதர்' ஆடியிலும் பார்க்கலாம், ஐப்பசியிலும் பார்க்கலாம்.

பாட்டுகளுக்கு சப்டைட்டில் போடுங்கள். மியூசிக்கல் படத்தில் பாட்டு வரும்போதெல்லாம் திரைக்குக் கீழே 'இசை' என்று மட்டும் வந்தால், கறுப்பினக் கலைஞர்கள் வாய் திறந்த ஒரே இடம் எங்களுக்கு ஊமையாகிவிடுகிறது. அவர்களுக்கு வசனம் எழுதவில்லை. பாட்டு மட்டும்தான் கொடுத்தார்கள். அந்தப் பாட்டையும் மொழிபெயர்க்க வேண்டாம் என்றால் மிச்சம் என்ன?

இந்த ஒரு வேலையை நானே செய்து தருகிறேன். 'ஸ்டார்மி வெதர்' படத்தின் கோப்பை அனுப்புங்கள், முழுப் படத்துக்கும், பாட்டுகளோடு சேர்த்து, தமிழில் எழுதித் தருகிறேன். காசு வேண்டாம். கேப் காலோவேயின் அந்த ஹார்லெம் கொச்சையை, நியூயார்க்கின் கறுப்பினப் பகுதிப் பேச்சைத் தமிழில் கொண்டுவருவது லேசில்லை, ஒரு வாரம் கொடுங்கள். ஆள் 1, ஆள் 2 என்று வருகிற இடத்தில் மட்டும் மேலே உள்ளவரின் பெயர் ஃபேயார்ட், கீழே நிற்பவரின் பெயர் ஹெரால்ட் என்று எழுதுவேன். அடுத்த படியில் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள், அதையும் பார்த்துச் சரியாக மாற்றி எழுதுவேன்.

அன்புடன்,
தமிழில் சப்டைட்டில் எழுதும் ஒருத்தி